கடல் பக்கத்துப் பத்துத் திசைகள்

கூட்டத்தில் இருந்தவர்கள்: மோரீன் ஹாக், எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி. பிரெட் லாஸ்கல், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் உள்ள மெரிக் பே நகரசபையின் திட்ட அதிகாரி. டங்கன் யேட்ஸ், கூரையை வடிவமைக்கும் பொறியாளர். ஒரு தட்டு லாமிங்டன் கேக். நான்.

கூட்டக் குறிப்பில் முதல் மூன்று பெயர்கள்தான் உண்டு. நான் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்தவன். பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ரென்சோ பெலாட்டி, காற்றுச் சுரங்க இயக்குநர் என்று அதன் கீழே அச்சடித்திருக்கிறது.

எங்கள் சுரங்கம் பழைய சர்க்கரைக் கிடங்கில் இருக்கிறது. ஒரு முனையில் ஆள் உயர விசிறி, மறுமுனையில் சுழலும் மேசை. மேசையில் கட்டடத்தின் மாதிரியை வைத்துக் காற்றை விடுவோம். பகலில் விசிறியைப் போட்டால் பக்கத்துப் பள்ளி புகார் செய்யும், அதனால் ஓட்டமெல்லாம் இரவில். மாதிரிக்கு முப்பத்தாறு திசைகளிலிருந்தும் காற்றுப் படும்படி மேசையைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்புவது என் வேலை. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை இந்த ஊரில் கிடையாது.

பிரெட் கொண்டுவந்த கட்டடம் ஒரு பெரிய விளையாட்டு அரங்கம். சாதாரண நாளில் நெட்பால், புயல் நாளில் கடற்கரைத் தெருக்களின் ஜனங்களுக்குப் பாதுகாப்பு மையம். நானூறு பேர் தங்கலாம். கூரை பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தது போல வளைவாக இருந்தது.

வளைந்த கூரையில்தான் சிக்கல். விளிம்பு உள்ள கூரையென்றால் காற்று அந்த விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும்; மாதிரி சின்னதோ பெரியதோ, வித்தியாசம் வராது. வளைவில் விளிம்பு இல்லை. எங்கே விட்டுப் பிரிவது என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. நிஜக் கூரையில் அது உச்சியைத் தாண்டும்வரை ஒட்டிக்கொண்டே போகும், ஒட்டியிருக்கும் வரை கூரையை மேலே இழுக்கும். ரொட்டித் துண்டு அளவுள்ள மாதிரியில் சீக்கிரமே விட்டுவிடும், இழுப்பும் குறையும். சின்ன மாதிரி நல்ல செய்தியாகத்தான் சொல்லும். அதை நம்பி போல்ட் போட்டால் செத்தோம்.

அதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம். வளைவின் மேல் கோடு கோடாகப் பசை தடவி மணலைத் தூவி ஒட்டுவோம். சொரசொரப்பில் சின்னக் காற்றும் பெரிய காற்றைப் போல நடந்துகொள்ளும். சல்லடையில் சலித்த மணல், ஒரு ஜாம் பாட்டிலில். ஒட்டுவது நான்தான்.

நிலத்துப் பக்கம் இருபத்தாறு திசைகள், கடல் பக்கம் பத்து. நிலத்துக்கு மேசைக்கு முன்னால் வீடுகள் போலக் கட்டைகளை அடுக்க வேண்டும். கடலுக்கு அவற்றை எடுத்துவிட்டு வெறும் தரையாக விட வேண்டும். அதனால் நிலத்தை முதலில் முடித்துவிட்டு, கடல் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். வியாழன் இரவோடு இருபத்தாறும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை புகைப்படம் எடுக்க வந்தார்கள். மேயர், இரண்டு கவுன்சிலர்கள், உள்ளூர்ப் பத்திரிகையின் பெண். பிரெட் குனிந்து மாதிரியைப் பார்த்தான். யாராக இருந்தாலும் அவனுக்கு 'மேட்', அதாவது தோழன்.

"என்ன மேட் இது, கூரைக்குப் பொடுகா?"

"மணல்," என்றேன்.

"தலைக்குத் தேய்ச்சிக் குளிப்பாட்டு. மேயர் இது பக்கத்துல நிக்கணும்."

மோரீன் சிரித்தாள். பிறகு என்னிடம், "துடைச்சிடு ரென்சோ. நெட்பால் க்ளப் நீலம் ஒரு கோட் அடிச்சிடு. பாக்க நல்லா இருக்கும்," என்றாள்.

துடைத்தேன். நீலம் அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று இரவு மிச்சப் பத்துத் திசைகளையும் ஓட்டவேண்டியிருந்தது. பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது. அதன்மேல் பசை நிற்காது. மோரீனுக்குப் போன் போட்டேன்.

"இப்படியே ஓட்டிடு," என்றாள். "திங்கக்கிழமை மணல் ஒட்டி ஒருதரம் சரி பாத்துக்கலாம்."

ஓட்டினேன். ஓட்டச் சீட்டில் மணல் என்று ஒரு பத்தி உண்டு. பத்து வரியிலும் 'இல்லை' என்று எழுதினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேசை காலி. பிரெட் சனிக்கிழமையே மாதிரியை நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். கூரையில் காற்றின் அழுத்தத்தை அளக்க மாதிரிக்குக் கீழே தொங்கிய குழாய்களைக் கத்தரித்திருந்தார்கள். அசிங்கமாகத் தெரிந்ததாம்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கூட்டம். வரைவு அறிக்கையை முந்தின இரவு படித்திருந்தேன். முப்பத்தாறு திசைகளும் ஒரே அட்டவணையில் இருந்தன. கடல் பக்கம் வந்ததும் கூரை உச்சியின் இழுப்பு எண்கள் மாடிப்படி போல இறங்கின. மணலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"உனக்கு ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சே," என்றாள் மோரீன். "வீட்டுக்குப் போகலயா?"

"கடல் பக்கம் பத்துத் திசையும் மணல் இல்லாம ஓடினது. அறிக்கையில அது இல்ல."

பிரெட் கேக்கை மென்றுகொண்டே கேட்டான். "என்ன மணல்? பீச் மணலா? அது நமக்கு நிறைய இருக்கே."

டங்கன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். "ஒட்டி ஓட்டினா எவ்வளவு வித்தியாசம் வரும்?"

"உச்சியில மூணுல ஒரு பங்கு கூடும். கூடவே வரலாம்."

"அப்படின்னா உச்சியில தகட்டைத் தாங்கற பர்லின் சட்டங்களை நெருக்கணும். போல்ட் எல்லாம் ஒரு சைஸ் ஏத்தணும்." அவன் பேனாவைக் கீழே வைத்தான். "ஸ்டீலுக்குச் சொல்லியாச்சு, மோரீன்."

"திறப்பு விழா தேதியும் சொல்லியாச்சு," என்றான் பிரெட். "மழைக்காலத்துக்கு முன்னாடி மையம் வேணும்னு ஊரே கத்துது. நீங்க என்னடான்னா பீச்ல விளையாடிட்டு இருக்கீங்க."

மோரீன் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பினாள். "கடல் மேல தடை கிடையாது. காத்துல கொந்தளிப்பு கம்மியா வரும். அதனால எண்ணும் கொஞ்சம் இறங்கும். இது இயல்புதான்."

பாதி உண்மை. கொந்தளிப்பு குறையும், எண் கொஞ்சம் இறங்கும். இவ்வளவு இறங்காது. அது அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் வளைந்த கூரைகளையே பார்த்தவள்.

"இவ்வளவு இறங்காது," என்றேன்.

"நீ எந்த வருஷம் படிப்பை விட்ட, ரென்சோ?"

"ரெண்டாவது."

"எல்லைப் படலம், காத்து ஒட்டறது விடறதெல்லாம் மூணாவது வருஷப் பாடம்," என்றாள்.

பிரெட் வாய்விட்டுச் சிரித்தான், கேக்கின் தேங்காய்த் துருவல் மேசையில் தெறித்தது. டங்கன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அட்டவணையில் இருந்த எண்ணையே எழுதிக்கொண்டான். ஆய்வுக்கூடம் எண் கொடுத்தால் அவன் போல்ட் போடுவான். அவர்கள் தொழிலில் அதுதான் முறை. எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பது அவன் வேலை இல்லை.

கூட்டம் முடிந்து மோரீன் என்னைத் தேடி விசிறி அறைக்கு வந்தாள். கையில் காலி ஓட்டச் சீட்டுகள்.

"சுத்தமா எழுதிக் குடு. மணல் பத்தி ஒரே மாதிரி இருக்கட்டும்."

"மாதிரியை வாங்கிட்டு வாங்க. ரெண்டு ராத்திரில ஓட்டிக் குடுக்கறேன்."

"குழாயெல்லாம் கத்தரிச்சாச்சு. புதுசா செய்யணும், ஆறு வாரம் ஆகும். நகரசபை நம்மகிட்ட மறுபடி வருமா?"

"எழுதலன்னா?"

"ராத்திரி வேலைக்கு வேற ஆள் பாக்கணும். எனக்கு அதுல விருப்பமில்ல. உனக்கும் இருக்காது." கதவருகே நின்றாள். "கணக்குல கூடுதல் பலத்துக்கு மார்ஜின் இருக்கு ரென்சோ. எல்லாத்துலயும் இருக்கும். கூரை நிக்கும்."

முப்பத்தாறு வரியிலும் 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சீட்டுதான் அறிக்கையின் கடைசிப் பக்கமானது. அவள் மிரட்டியதால் என்று சொல்லலாம். அதற்கு முன்பே நான் களைத்துப்போயிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

அரங்கம் எழுந்தது. நீலக் கூரை. என் தங்கை கார்லா சனிக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களையும் நெட்பாலுக்குக் கூட்டிப்போவாள். ஒருமுறை நானும் போனேன். ஆட்டத்தைப் பார்க்காமல் அண்ணாந்து போல்ட் வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அங்க என்ன இருக்கு, வௌவாலா?" என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் புயல் போன வருடம் வந்தது. புயலின் கண் எங்களுக்குத் தெற்கே கரையேறியது. பூமியின் தென்பாதியில் புயல் கடிகார முள் போலச் சுழலும், அதனால் காற்று முழுக்க நிலத்திலிருந்தே அடித்தது. அந்த இருபத்தாறு திசைகளின் எண்களும் சரியானவை. கூரை அசையவில்லை. உள்ளே முந்நூறு பேர் தகர டப்பா பீன்ஸ் சாப்பிட்டுவிட்டுக் காலையில் வெளியே வந்தார்கள். பத்திரிகையில் முதல் பக்கப் படம். மோரீனுக்கு பிரிஸ்பேனில் ஒரு விருது. பிரெட் நேராக வந்து என் தோளில் தட்டினான்.

"எங்க மேட் உன் மணல்?"

 கடல் பக்கக் காற்று இன்னும் அந்தக் கூரையைத் தொடவே இல்லை என்று யாரிடம் சொல்வது? கூரை நின்றதுதான் கெடுதலாகிவிட்டது. அதுவரை சந்தேகப்பட்டவர்கள்கூட அதற்குப் பிறகு சந்தேகப்படவில்லை.

இந்த வருடப் புயல் எங்களுக்கு வடக்கே, நாற்பது கிலோமீட்டரில் கரையேறும் என்று இன்று காலை வானொலி சொன்னது. வடக்கே கண் போனால் எங்களுக்குக் கடலிலிருந்து நேரே காற்று. கடல் மட்டமும் ஏறும். கடற்கரைத் தெருக்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓடைப் பாலம் பத்து மணிக்கே தண்ணீருக்குள் போய்விட்டது, ஊரை விட்டுப் போக வழியில்லை. நான் இருப்பது மேட்டில், செங்கல் கட்டடத்தில் ஒரு அறை. எனக்கு ஆபத்து இல்லை. கார்லாவுக்குப் போன் போட்டேன்.

"பொண்ணுங்களைக் கூட்டிட்டு இங்க வந்துடு."

"நான் மையத்துல தொண்டர், மஞ்சள் பனியன் போட்டாச்சு. இங்க நானூறு பேர் வராங்க. உன் ரூம்ல நாலு பேர் நிக்க முடியுமா?"

"கார்லா, அந்தக் கூரை சரியில்ல."

"என்ன உளர்ற?"

"நேர்ல சொல்றேன்."

இரண்டு மணிக்குப் போனேன். தென்னைகள் ஏற்கெனவே ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அரங்கத்துக்குள் மெத்தைகள், ஐஸ் பெட்டிகள், சக்கர நாற்காலிகள், அழும் குழந்தைகள். எல்லாரும் நடுவில், உச்சிக்கு நேர் கீழே விரித்திருந்தார்கள். சுவரோரம் ஈரம் என்று. கார்லாவைத் துணி மாற்றும் அறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னேன். மணல், நீல பெயிண்ட், பத்துத் திசைகள், கையெழுத்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்பவள் அல்ல.

"கையெழுத்து நீயா போட்ட?"

"ஆமா."

"என் பொண்ணுங்க ரெண்டு வருஷமா அது கீழ ஆடுதுங்க."

"தெரியும்."

"தெரியும்னு சொல்றான் பாரு." முதுகைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "பிய்ஞ்சு போகும்னு நிச்சயமா தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. மார்ஜின் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். இந்த ரூமுக்கு மேல கான்கிரீட் இருக்கு. எதிர்ப்பக்கம் ரூமுக்கும் இருக்கு. இது ரெண்டுதான் பத்திரம்."

"ரெண்டுலயும் சேத்து அறுபது பேர் உக்காரலாம். மிச்சம்?"

 அவளே என்னை டெல்மாவிடம் கூட்டிப்போனாள். டெல்மா மையத்தின் பொறுப்பாளர், டோரஸ் நீரிணைத் தீவுக்காரி, ஊர் முழுக்க ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். பட்டியலில் பெயர்களைக் குறித்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, நீ என்ன இஞ்சினியரா?"

"இல்ல ஆன்ட்டி. சோதனையை ஓட்டினவன்."

"ஓட்டினவனே சரியில்லன்னு சொல்றியா?"

"ஆமா."

அவள் பிரெட்டுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"ரென்சோவா? போன வருஷம் இதே கூரைதான் ஆன்ட்டி நின்னுச்சு. அறிக்கை என் கையில இருக்கு. முப்பத்தாறு திசையும் மணலோட ஓட்டினதுன்னு எழுதி, அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். அவன்கிட்ட கேளுங்க, அது யாரு கையெழுத்துன்னு."

டெல்மா என்னைப் பார்த்தாள். "உன்னுதா?"

"என்னுதுதான். பொய்யா போட்டது."

"அப்போ பொய் சொன்ன, இப்போ நிஜம் சொல்றேங்கிற. எனக்கு எப்படித் தெரியும், எது எதுன்னு?" கோபமே இல்லாமல் கேட்டாள்.  "சரி. கைக்குழந்தைக்காரிங்களையும் படுத்த படுக்கையா இருக்கறவங்களையும் அந்த ரூமுங்களுக்கு மாத்தறேன். எப்படியும் அவங்களுக்கு அமைதி வேணும். காரணம் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

கார்லா மெத்தைகளைத் தூக்க ஆரம்பித்தாள். நானும் தூக்கினேன். மூன்றரைக்குள் இரண்டு அறைகளும் நிரம்பிவிட்டன. கார்லா தன் பெண்களை அங்கே வைக்கவில்லை. நடுவில், மற்றப் பிள்ளைகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களை ஏன் வெக்கல?" என்றேன்.

"எடம் முடிஞ்சிடுச்சு. தொண்டரோட பிள்ளைன்னு முன்னாடி தள்ளுவேனா?"

அப்போது முதல் பெரிய காற்று வந்து இடித்தது. கிழக்கிலிருந்து. கூரை ஒரு நீண்ட மூச்சை இழுத்தது போலச் சத்தம். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள், பிறகு யாரோ ஒருவன் ஜோக்கடிக்க, சிரித்தார்கள்.

நான் பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். ஏறியபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"நடுவுல உக்காராதீங்க! ஓரத்துக்கு வாங்க! இந்தக் கூரை கடல் காத்துக்குச் சோதிக்கல! நான்தான் பொய்யா எழுதிக் குடுத்தேன்!"

"எறங்குடா, குடிகாரா!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கிழவர், "பெலாட்டி வீட்டுப் பையன்தானே? படிப்பை விட்டுட்டு ஓடினவன்," என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். ஆனால் இன்னொரு பக்கம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். அவள் பின்னால் நாலைந்து பேர். ஒருவன் கார் சாவியைத் தேடினான். ஐஸ் பெட்டி ஒன்று கவிழ்ந்தது. யாருமே ஓரத்துக்கு வரவில்லை. வெளியே ஓடத்தான் பார்த்தார்கள்.

கார்லா வாசலில் கையை விரித்து நின்று அவர்களை நிறுத்தினாள். டெல்மா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்தாள். பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள்.

"வெளிய போனா கடல் கொல்லும்," என்றாள் கார்லா பல்லைக் கடித்துக்கொண்டு. "அஞ்சு நிமிஷத்துல நீ அம்பது பேரைக் கொன்னிருப்ப."

"ஓரத்துக்குத்தானே வரச் சொன்னேன்."

"யாரு கேப்பா? நீ சொன்னா யாரு கேப்பா, ரென்சோ?"

டெல்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலு. இப்பப் பூட்டினா அப்புறம் கதவைத் திறக்க முடியாது. தம்பி, உன் வீடு மேட்டுலதானே?"

"ஆமா."

"வண்டில பத்து நிமிஷம். இப்பப் போனா போயிடலாம். இங்க இருந்தா மறுபடி பெஞ்சு மேல ஏறுவ. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஏறமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கூரை மறுபடி மூச்சிழுத்தது, என் கண் தானாக உச்சிக்குப் போனது. டெல்மா அதைப் பார்த்துவிட்டாள். சாவிக்கொத்தை கார்லாவிடம் நீட்டினாள்.

கார்லா என் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தாள். வாசலில், "எனக்கு நம்பிக்கை இருக்கு, நீ சொல்றது நிஜம்தான்," என்றாள் தாழ்ந்த குரலில். "போ."

"பொண்ணுங்களைக் குடு. கூட்டிட்டுப் போறேன்."

ஒரு கணம் திரும்பி நடுவில் பார்த்தாள். இரண்டு பேரும் சீட்டு மறைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களின் தாய்மார்கள், எல்லாரும் மஞ்சள் பனியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பிள்ளைங்களை நான் வெளிய அனுப்பினா, இவங்கள்ல ஒருத்தர்கூட உள்ள உக்கார மாட்டாங்க," என்றாள்.

என்னை வெளியே தள்ளினாள். மழை முகத்தில் சரளைக்கல் போல அடித்தது. எனக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தியது, மேல்தாழ் விழுந்தது, கீழ்த்தாழ் விழுந்தது, என் தங்கை சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள்.